கல முனை ஏன் நீலமாகத் தெரிகிறது? தேர்மல் கமராவும் மின்கலத்தின் வெப்பக் கணக்கும்

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு மின்கலங்களின் செயற்றிறனைத் தேர்மல் கமராவால் ஆராயத் தொடங்கியிருக்கிறார். போனில் செருகும் சின்னக் கமரா ஒன்று, பழைய லப்டொப் பற்றரியைப் பிரித்து எடுத்த 18650 என்ற அளவு உருளை லிதியம் கலங்கள் சில, வீட்டு ஓட்டோவின் ஈய அமிலப் பற்றரி, இவ்வளவும் கையில் இருக்கின்றன. கலத்தில் லோட் போட்டதும் உடம்பு செக்கச்செவேலென்று தெரிகிறதாம். உலோக முனை மட்டும் நீலமாக, அறை வெப்பநிலையிலேயே நிற்கிறதாம். விரலை வைத்தால் முனையும் சுடுகிறது. மேற்பார்வையாளரோ, "படம் வடிவாக இருக்கு, எண் எங்கே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கமரா பழுதா, இல்லை இந்த முறையே சரிவராதா என்று கேட்கிறார்.

கமராவில் பழுது எதுவும் இல்லை. கலத்தைத் திறக்காமல், ஒரு வயரையும் ஒட்டாமல், எந்த இடத்தில் வெப்பம் பிறக்கிறது என்று பார்க்க இதைவிட இலகுவான வழி கிடையாது. ஆனால் மேற்பார்வையாளர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கலத்துக்குள் பிறக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு, வெளியே வேலைக்கு வராமல் உள்ளேயே செலவாகிப்போன சக்தி. அப்படிப் பார்த்தால் படம் என்பது கணக்குக் கொப்பியின் ஒரு பக்கம்தான். மற்றப் பக்கத்தில் மின்னோட்டமும் வோல்ற்றளவும் இருக்க வேண்டும், அதுவும் ஒரே மணிக்கூட்டைப் பார்த்து எழுதியதாக. நானும் கல்லடியில் பற்றரி, சோலார் வேலை தொடங்கிய காலத்தில் படத்தை மட்டும் நம்பி ஒருவருடைய காசை வீணாக்கியிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த நீல முனை. தேர்மல் கமரா வெப்பநிலையை நேரே அளப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து வரும் செந்நிறக்கீழ்க் கதிரை, பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளங்களில், வாங்கிக்கொண்டு, "இவ்வளவு கதிர் வருகிறதென்றால் இவ்வளவு சூடாக இருக்க வேண்டும்" என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்குக்குக் காலற்றிறன் என்ற எண் தேவை. அதே வெப்பநிலையிலுள்ள பூரண கரும்பொருள் ஒன்று விடும் கதிரில் எத்தனை பங்கை இந்தப் பரப்பு விடுகிறது என்பதுதான் அது. கடதாசி, மனிதத் தோல், பெரும்பாலான பிளாஸ்ரிக், கறுப்பு இன்சுலேஷன் ரேப் எல்லாம் 0.9க்கு மேலே. மினுக்கிய உலோகம் 0.1க்குக் கீழேயும் போகும். தான் விடாத மீதிக்கு, சுற்றியுள்ள சுவரின், கூரையின், உங்கள் முகத்தின் கதிரை அது தெறித்துக் காட்டும். நம்பிக்கை வராவிட்டால் கமராவோடு முனைக்குக் கிட்டப் போய்த் தலையை ஆட்டிப் பாருங்கள். முனைக்குள் ஒரு சூடான புள்ளி ஆடும். அது நீங்கள்.

எண்ணில் சொல்கிறேன். முனை உண்மையில் 60 டிகிரி, அதன் காலற்றிறன் 0.1, அறை 30 டிகிரி, கமராவில் 0.95 என்று போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். முனையிலிருந்து வரும் கதிரில் பத்தில் ஒரு பங்குதான் 60 டிகிரிக்கு உரியது, ஒன்பது பங்கு 30 டிகிரி அறைக்கு உரியது. வெப்பநிலையின் நாலாம் அடுக்கு விதியைப் போட்டுப் பார்த்தால் கமரா காட்டுவது 33, 34 டிகிரி. கையைச் சுடும் முனை திரையில் சாதுவாக நிற்பதன் மர்மம் இவ்வளவுதான். கமராவில் காலற்றிறனை 0.1 ஆக்கி எண்ணைத் திருத்தப் பார்க்க வேண்டாம். அவ்வளவு சிறிய எண்ணால் வகுக்கும்போது, கூரையிலிருந்து வரும் சின்னத் தெறிப்பும் பத்து மடங்கு பிழையாகும். முனையில் விரல் நகமளவு கறுப்பு ரேப் ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி, ஒரு நிமிடம் விட்டுப் பிறகு பாருங்கள். 1800இல் வில்லியம் ஹேர்ஷல் அரியத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வெப்பம் இருக்கிறது என்று கண்டபோதும் வெப்பமானியின் குமிழைக் கறுப்பாக்கித்தான் வைத்தார். இருநூறு வருடம் கழித்து நாங்கள் ரேப் ஒட்டுகிறோம். 18650 கலத்தின் உடம்பில் ஏற்கெனவே பிளாஸ்ரிக் உறை இருப்பதால் அங்கே ஒன்றும் செய்யத் தேவையில்லை.

இன்னொன்று. முகவையில் அமிலம் ஊற்றி, ஈயத் தகடுகளை நிறுத்தி, பக்கத்திலிருந்து படம் எடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த அலைநீளத்தில் கண்ணாடி ஒளிபுகாப் பொருள். நீரும் அப்படித்தான். முகவையின் வெளித் தோலைத்தான் பார்ப்பீர்கள்.

இப்போது கமராவின் குணம். கடைகளில் கிடைக்கும் சிறிய கமராக்கள் உண்மை வெப்பநிலையைச் சொல்வதில் 2, 3 டிகிரி வரை கூடக்குறையப் பிழைக்கும். ஆனால் ஒரே படத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு இடங்களின் வித்தியாசத்தை 0.1 டிகிரி வரையும் அதற்குக் கீழேயும் பிரித்துக் காட்டும். அதன் பலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை வாங்க வேண்டும். ஆகவே சோதிக்கும் கலத்தைத் தனியாகப் படம் எடுக்காதீர்கள். அதே வகையான இன்னொரு கலத்தை, எதிலும் இணைக்காமல், பத்து சென்ரிமீற்றர் தள்ளிச் சும்மா நிறுத்தி வையுங்கள். எல்லாக் கணக்கிலும் சோதனைக் கலத்தின் வெப்பநிலையிலிருந்து சும்மா நிற்கும் கலத்தின் வெப்பநிலையைக் கழியுங்கள். கமராவின் பிழை, அறை சூடேறுவது, நீங்கள் பக்கத்தில் மூச்சு விடுவது எல்லாம் பெரும்பாலும் அந்தக் கழித்தலில் போய்விடும். கமராவைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக விட்டபிறகே தொடங்குங்கள். இடையிடையே "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும், உள்ளே மூடி விழுந்து கமரா தன்னைத்தானே சரிபார்க்கும் சத்தம். அந்த நேரம் எண் கொஞ்சம் துள்ளும். வரைபில் திடீரென்று படி ஏறினால் கலத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்த "டிக்"கை நினையுங்கள்.

நிற அளவுகோலைக் கட்டாயம் பூட்டி வையுங்கள். தானாக மாற விட்டால், அரை டிகிரி வித்தியாசத்தையும் எரிமலை மாதிரிக் காட்டும், அடுத்த படத்தில் இருபது டிகிரியையும் அதே நிறத்தில் காட்டும். உங்கள் "செக்கச்செவேல்" எத்தனை டிகிரி என்று நீங்கள் எழுதவில்லை. மேற்பார்வையாளருக்குக் கோபம் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, எண்ணுக்கு வருவோம். இதுதான் செயற்றிட்டத்தின் நடுப்பகுதி, ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு 18650 கலம், நிறை 45 கிராம் என்று எடுப்போம். லோட் இல்லாமல் 3.80 வோல்ற்று காட்டுகிறது. 5 அம்பியர் எடுக்கும்போது 3.55 ஆக இறங்குகிறது. அந்தக் காணாமற்போன 0.25 வோல்ற்றை 5 அம்பியரால் பெருக்குங்கள். 1.25 வாற்று. இது கலத்துக்குள்ளேயே வெப்பமாகிறது. 0.25ஐ 5ஆல் வகுத்தால் 50 மில்லிஓம், அதுதான் அகத்தடை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. உண்மையில் அதற்குள் பல சங்கதிகள் கூட்டாக இருக்கின்றன: உலோகத்தின் தடை, மின்பகுபொருளில் அயன்கள் நகரும் தடை, மின்வாய்ப் பரப்பில் தாக்கம் நடக்கத் தேவைப்படும் மேலதிக வோல்ற்று, அயன்கள் போதிய வேகத்தில் வந்துசேராத குறை. வெப்பத்துக்கு அவையெல்லாம் ஒன்றுதான். ஆனால் நேரத்தால் பிரிக்கலாம். லோட் போட்ட கணத்திலேயே விழும் வோல்ற்றளவு பெரும்பாலும் தடையால், பிறகு நிமிடக் கணக்கில் மெதுவாக இறங்குவது அயன் வந்துசேராததால்.

இந்த 1.25 வாற்றைக் கமரா சொல்வதோடு பொருத்திப் பார்ப்பதுதான் நீங்கள் தேடும் எண். இப்படிப்பட்ட கலத்தின் தன்வெப்பக் கொள்ளளவு கிராமுக்கு 1 யூல் அளவில் இருக்கும். 45 கிராமுக்கு 45 யூல் கொடுத்தால் ஒரு டிகிரி ஏறும். 1.25ஐ 45ஆல் வகுத்தால் செக்கனுக்கு 0.028 டிகிரி, நிமிடத்துக்கு 1.7 டிகிரி. அதாவது லோட் போட்ட முதல் இரண்டு நிமிடத்தில், சும்மா நிற்கும் கலத்தைவிட உங்கள் கலம் மூன்றரை டிகிரிக்குக் கிட்ட ஏற வேண்டும். அந்த ஆரம்பச் சாய்வுதான் பொன்னான தரவு. அதற்குப் பிறகு காற்று வெப்பத்தைத் திருடத் தொடங்கிவிடும், வரைபு வளையும்.

காற்றின் திருட்டையும் கணக்கில் எடுக்கலாம், அதற்குப் பெரிய வித்தை வேண்டாம். கலம் சூடானதும் லோட்டைக் கழற்றிவிட்டுக் கமராவை ஓடவிடுங்கள். கலம் ஆறுவதைப் படமெடுங்கள். அறையைவிட எத்தனை டிகிரி கூட என்பதன் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஏறத்தாழ நேர்கோடு வரும். அசையாத காற்றில் இந்த அளவுக் கலம் ஆறும் காலமாறிலி, அதாவது அந்த மேலதிகச் சூடு 37 வீதமாகக் குறைய எடுக்கும் நேரம், பதினைந்து இருபது நிமிடம் வரும் என்று என் கணக்குச் சொல்கிறது. உங்களுடையதை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அந்த எண் கிடைத்துவிட்டால், எந்தக் கணத்திலும் கலத்துக்குள் பிறந்த வெப்பம் என்பது, கலத்தை ஏற்றிய வெப்பமும் காற்றுக்குப் போன வெப்பமும் சேர்ந்தது. இதைக் கமராவிலிருந்து எடுங்கள். இழந்த வோல்ற்றை மின்னோட்டத்தால் பெருக்கியதை மீற்றரிலிருந்து எடுங்கள். இரண்டையும் ஒரே வரைபில் போடுங்கள். அந்த வரைபைக் காட்டினால் உங்கள் மேற்பார்வையாளர் வேறு முகத்தோடு பேசுவார்.

இரண்டும் சரியாகப் பொருந்தாது. அதற்கு எந்திரப்பி (entropy, ஒழுங்கின்மையின் அளவு) காரணம். உயர்தர இரசாயனவியலில் வெப்பவுள்ளுறையும் கிப்ஸ் சக்தியும் வேறுவேறு என்று மனப்பாடம் செய்தோமே, அது கமராவில் கண்ணால் தெரியும் இடம் இது. தாக்கத்தின் எந்திரப்பி மாற்றத்தால் கலம் கொஞ்ச வெப்பத்தை விடும் அல்லது வாங்கும். மின்னை இறக்கும்போது (லோட்டில்) விட்டால் ஏற்றும்போது (சார்ஜில்) வாங்கும். தடையால் வருவது அப்படியில்லை, எந்தத் திசையிலும் வெப்பம்தான். இரண்டையும் சேர்த்துப் பற்றரிக்கான சக்திச் சமன்பாடாக 1985இல் எழுதியவர்கள் பெர்னார்டி, பவ்லிகோவ்ஸ்கி, நியூமன் என்ற மூவர். இன்றைக்கும் பற்றரி வெப்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஈய அமிலக் கலத்தில் இந்த எந்திரப்பிப் பங்கு கலமொன்றுக்கு 0.06, 0.07 வோல்ற்றுக்குச் சமம். இறக்கும்போது வெப்பத்தை உள்ளே வாங்கும். ஆகவே ஓட்டோ பற்றரியில் ஒரு சின்ன பல்பை மட்டும் போட்டு ஆறுதலாக இறக்கினால், தடையால் வரும் வெப்பத்தை இது விழுங்கிவிடும். பற்றரி சூடாகாது, சொட்டுக் குளிரவும் பார்க்கும். கோபால்ற்று ஒட்சைட்டு வகை லிதியம் கலங்களை மிகச் சிறிய மின்னோட்டத்தில் ஏற்றும்போதும் சில கட்டங்களில் இப்படி நடக்கும். முதன்முதல் பார்க்கிறவர் கமரா பிழை என்றுதான் நினைப்பார். உங்கள் செயற்றிட்டத்தில் ஒரு படம் மட்டும் வைக்க இடமிருந்தால் நான் வைப்பது, வேலை செய்துகொண்டே குளிரும் அந்தக் கலத்தின் படத்தைத்தான். ஒரே மின்னோட்டத்தில் ஏற்றியும் இறக்கியும் இரண்டு வெப்ப வரைபையும் கூட்டி இரண்டால் வகுத்தால் தடையின் பங்கு வரும். கழித்து இரண்டால் வகுத்தால் எந்திரப்பியின் பங்கு வரும். கலத்தில் ஒரே அளவு சார்ஜ் இருக்கும் நிலையில் ஒப்பிட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இப்போது என் கதை. வாவிக் கரையில் ஓர் இறால் பண்ணை. இராத்திரி வெளிச்சத்துக்கும் சின்னப் பம்புக்கும் 12 வோல்ற்று மூடிய பற்றரி நாலைத் தொடராக இணைத்து 48 வோல்ற்றாக வைத்திருந்தார்கள். "பற்றரி சுடுகுது, கரண்ட் கட் வந்தா ஒரு மணித்தியாலமும் நிக்குதில்ல" என்று கூப்பிட்டார் முதலாளி. கமரா வாங்கிய புதிது, கையிலே பெருமை. போய்ப் பிடித்துப் பார்த்தேன். மூன்று பற்றரி நல்ல சூடு, நடுவில் இருந்தது எல்லாவற்றிலும் சூடு, ஓரத்தில் இருந்த நாலாவது இரண்டு மூன்று டிகிரி குறைவு. சூடானதுதான் பழுது என்று நடுவில் இருந்ததை மாற்றச் சொன்னேன். மனிதர் புதிது வாங்கிப் போட்டார். ஒரு கிழமை கழித்துப் போன் வந்தது. புதிதும் அதே சூடு.

மறுபடி போனபோது, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சார்ஜில் இருக்கும்போதே ஒவ்வொரு பற்றரியின் இரு முனையிலும் மீற்றரை வைத்தேன். சூடான மூன்றிலும் 14.1 வோல்ற்று. குளிர்ந்த நாலாவதில் 11.7.

சார்ஜர் கொடுத்தது 54 வோல்ற்று. நாலு பற்றரியிலும் சேர்த்து 24 கலம், ஒவ்வொன்றுக்கும் 2.25 வோல்ற்று என்பது கணக்கு. நாலாவது பற்றரியில் ஒரு கலம் உள்ளே குறுஞ்சுற்றாகிச் செத்துப்போயிருந்தது. அதே 54ஐ 23 கலம் பங்குபோட்டுக்கொண்டது, ஒவ்வொன்றுக்கும் 2.35. கேட்க 0.1 வோல்ற்றுத்தான். ஆனால் நிறைந்துவிட்ட கலத்துக்கு அது பெரிய தள்ளு. தேவைக்கு மேலே மின்னோட்டம் ஓடி, மூடிய பற்றரியில் உள்ளேயே ஒட்சிசன் மீளச் சேர்ந்து, கொடுத்த சக்தி முழுக்க வெப்பமாகிக்கொண்டிருந்தது. நல்ல கலங்கள் வெந்துகொண்டிருந்தன, செத்த கலத்தில் வோல்ற்றளவே இல்லாததால் அதற்கு வெப்பமும் இல்லை. நடுவில் இருந்தது கூடச் சுட்டதற்குக் காரணம் பக்கத்தில் இரண்டு சூடான பற்றரி, காற்றுப் போக வழியில்லை, வேறொன்றுமில்லை. நாலாவதைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, நீளப் பக்கத்தைக் கமராவில் பார்த்தேன். ஆறு பட்டையில் ஐந்து மஞ்சள், இரண்டாவது பட்டை மட்டும் ஊதா. குற்றவாளி அங்கே குளிர்ந்துபோய் நின்றது. பற்றரிக் காசில் என் கூலியைக் கழித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆகவே சார்ஜில் இருக்கும் தொடரில் குளிர்ந்ததைச் சந்தேகியுங்கள். லோட்டில் இருக்கும் தொடரில் கதை மறுபக்கம். பலவீனமான கலம் முதலில் காலியாகும், மற்றவை அதனூடாக மின்னோட்டத்தைத் தள்ளும், அது கொடுப்பதை நிறுத்தி வாங்கத் தொடங்கும், சூடேறும். எந்தத் திசையில் ஓட்டம் இருந்தது என்று எழுதாத தேர்மல் படத்துக்கு எந்த அர்த்தத்தையும் கொடுக்கலாம்.

முனை இணைப்பு வேறு விஷயம். அங்கே படமே போதும். 12 வோல்ற்றில் 700 வாற்று இன்வேட்டர் ஓடினால் ஏறத்தாழ 60 அம்பியர். பச்சை பூத்த இணைப்பொன்றில் 5 மில்லிஓம் இருந்தால் 60ஐ 60ஆல் பெருக்கி 0.005ஆல் பெருக்க 18 வாற்று. சின்ன ஸோல்டரிங் அயர்னுக்குக் கிட்ட. கடற்காற்றுப் படும் வீடுகளில் நான் பார்த்த "பற்றரி பழுது" பலவற்றில் பற்றரி நல்லது, இணைப்புத்தான் வெந்தது. 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது அவசரத்துக்கு வாங்கிப் பூட்டியவை, இறுக்கிப் பார்க்க ஆளில்லாமல் கிடக்கின்றன. அங்கும் ரேப் ஒட்டித்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் 18 வாற்றும் நீலமாகத் தெரியும்.

கமரா பார்ப்பது தோலை மட்டும் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். 18650க்குள் தகடுகள் பாய் சுருட்டியது போலச் சுருட்டப்பட்டிருக்கின்றன. சுருளின் குறுக்கே வெப்பம் கடப்பது மெதுவாக, நீளவாக்கில் உலோகத் தகடுகள் வழியே விரைவாக. குறுக்கு வெப்பக் கடத்துதிறனை மீற்றருக்கு, டிகிரிக்கு அரை வாற்று என்று எடுத்தால், 1.25 வாற்றில் நடுமையம் தோலைவிட 3 டிகிரி கூட. 10 அம்பியருக்குப் போனால் வெப்பம் நாலு மடங்கு, நடுமையம் 12 டிகிரி கூட. வெளியே 48 காட்டும்போது உள்ளே 60. பை போன்ற தட்டைக் கலம் ஒன்று கிடைத்தால் படம் இன்னும் நல்லாக வரும், ஏனென்றால் மெல்லியது. அதில் காதுகளின் (வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைத் தகடுகளின்) பக்கம் முதலில் சூடேறும், மின்னோட்டம் எல்லாம் அங்கே வந்து கூடுவதால். நேர்முனைக் காது பெரும்பாலும் கூடச் சுடும். அது அலுமினியம், மற்றது செம்பு. அலுமினியத்தின் தடைத்திறன் செம்பினுடையதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்.

எரிபொருட் கலம் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஐதரசனும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து மின் தரும் ஐதரசன் கலத்தில் இந்தக் கணக்கு இன்னும் சுத்தமாக வரும். சக்தி முழுக்க மின்னாகியிருந்தால் 1.48 வோல்ற்று வரவேண்டும், கலம் தருவது 0.65 என்றால் மீதி 0.83ஐ மின்னோட்டத்தால் பெருக்கியது வெப்பம். 25 அம்பியரில் 20 வாற்றுச் சொச்சம். நீரை மின்பகுக்கும்போது அதே 1.48 தலைகீழாக வரும். நீரைப் பிரிக்க ஆகக்குறைந்தது தேவைப்படும் 1.23க்கும் இந்த 1.48க்கும் இடையில் ஓட்டினால் கலம் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை வாங்கும், 1.48 தாண்டினால் விடும். எரிபொருட் கலத்தில் கமராவுக்கு இருக்கும் மிகப் பயனுள்ள வேலை, மென்சவ்வில் ஊசித்துளை தேடுவது. ஒரு பக்கம் ஐதரசன், மறுபக்கம் காற்று. துளை வழியே கசியும் ஐதரசன் பிளாத்தின ஊக்கியில் பட்டு எரிந்து, அந்த இடம் மட்டும் நட்சத்திரம் போலத் தெரியும். ஓடும் கலத்தின் உள்ளே பார்க்க விரும்புகிறவர்கள் சிங்க் செலனைட்டு (zinc selenide) போன்ற, இந்தக் கதிரை விடும் யன்னலைத் தகட்டில் பதிப்பார்கள். ஆனால் காரீயத் (graphite) தகட்டை எடுத்துவிட்டு யன்னல் வைத்தால் வெப்பம் போகும் பாதையே மாறிவிடும், பார்ப்பது அதே கலமல்ல. இறுதியாண்டுக்கு இது தேவையில்லை.

நம்முடைய பக்கத்துக் காலநிலைக்கு ஒன்றிரண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள். யன்னலைத் திறந்தால் காற்று கலத்தின் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். மூடினால் தகரக் கூரையோ அஸ்பெஸ்ரோஸோ மேலேயிருந்து கதிரை இறைக்கும், பளபளப்பான எல்லாவற்றிலும் அது தெறிக்கும். விடியப்புறம் ஐந்து மணிக்குச் செய்யுங்கள், இல்லாவிட்டால் இரவு ஒன்பதுக்குப் பிறகு. ஃபானை நிறுத்துங்கள். ஒரு காட்போட் பெட்டியை மேலும் முன்னும் வெட்டி, உள்ளே கலங்களை நிறுத்தினால் காற்றும் தெறிப்பும் பாதிக்கு மேல் அடங்கும். கலத்தை மேசையில் படுக்கவைக்காமல் இரண்டு றப்பர் துண்டில் நிறுத்துங்கள், மேசையும் வெப்பம் குடிக்கும். ஏசி அறையிலிருந்து கமராவை வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் பனி பிடிக்கும், வெளிச் சூட்டுக்கு வந்து பனி காயும்வரை விட்டு எடுங்கள், துணியால் தேய்க்க வேண்டாம்.

அப்புறம், வீட்டு ஓட்டோ பற்றரியையும் இன்வேட்டர் பற்றரியையும் பார்த்துக்கொண்டு வரும்போது இன்னொரு விஷயத்தையும் எழுதி வையுங்கள்: சார்ஜர் வெப்பநிலைக்கு ஏற்ப வோல்ற்றைக் குறைக்கிறதா என்று. 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரிக்கு 25 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 18 மில்லிவோல்ற்று குறைக்க வேண்டும். 35 டிகிரியில் அது 0.18 வோல்ற்று. பல இன்வேட்டரோடு அதற்கான சின்னக் கறுப்பு வயர் உணரி ஒன்று வரும். அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் பூட்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பற்றரி வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. உணரி உள்ள வீடு ஒன்றையும் இல்லாத வீடு ஒன்றையும் ஒப்பிட்டாலே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

கடைசியாகப் பாதுகாப்பு. லப்டொப்பிலிருந்து பிரித்த கலங்களில் உறை கிழிந்தது, நசுங்கியது, 2 வோல்ற்றுக்குக் கீழே கிடந்தது எதையும் ஏற்றப் பார்க்காதீர்கள். தோல் வெப்பநிலை 60ஐத் தொட்டால் லோட்டைக் கழற்றுங்கள். லோட்டைக் கழற்றிய பிறகும் வெப்பம் ஏறினால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் வெளியே வாருங்கள். 80, 90 டிகிரியில் மின்வாயின் மேலுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்கித் தானே வெப்பம் விடும், 130க்குக் கிட்ட உள்ளேயிருக்கும் பொலித்தீன் பிரிப்பான் உருகும், அதற்குப் பிறகு நடப்பதை யாரும் நிறுத்த முடியாது. வாளியில் மணல் பக்கத்தில் இருக்கட்டும். ஓட்டோ பற்றரியை ஏற்றும்போது யன்னல் திறந்திருக்க வேண்டும், காற்றில் ஐதரசன் 4 வீதம் வந்தாலே ஒரு பொறியில் தீப்பற்றும். அந்த நேரம் கச்சான் காற்று உள்ளே வந்து வரைபைக் கெடுத்தால் கெடுக்கட்டும்.

முதல் வேலையாக அந்த நீல முனையில் ரேப் ஒட்டி ஒரு படம், ஒட்டாமல் ஒரு படம் எடுத்து, மின்னோட்டத்தையும் வோல்ற்றளவையும் கீழே எழுதி அனுப்புங்கள். மீதியை அதை வைத்துப் பேசலாம்.